நாற்பத்திரண்டாம் உறை

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு "இனிமையான நினைவுகள்" எழுதித் தரும்படி சங்கத்துப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். டெல்லியில் நாற்பது வருடம் குப்பை கொட்டியவர்கள் எல்லோரிடமும் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. முதல் குளிர், முதல் ஸ்வெட்டர், கரோல்பாகில் இட்லி தேடி அலைந்த கதை என்று மற்றவர்கள் எழுதித் தரட்டும். நான் எழுதப்போவது இனிமையானது அல்ல. வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடலாம்.

எழுதவேண்டும் என்ற எண்ணமே போன வாரம்தான் வந்தது. ஓர் இணையப் பத்திரிகையில் வேலை பார்க்கும் பெண் ஜனக்புரியில் என் வீட்டுக்கு வந்தாள். என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய மகள். பேச்சுவாக்கில் போனில் ஓர் இரங்கல் செய்தியைக் காட்டினாள். இறந்தவர் ஒரு பெண் மருத்துவர், ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். முதல் வரியில் மாமனார் பெயர் இருந்தது. இரண்டாம் வரியில் கணவர். அப்புறம் பிள்ளைகள். கத்தி பிடித்த கை ஏழாவது வரியில்தான் வந்தது.

"ஆன்ட்டி, இதெல்லாம் முன்னாடியே எழுதி வெச்சிடுவோம். ஒரு ஃபார்மேட் இருக்கு," என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் தேநீர்க் கோப்பையை ஓசை எழ வைத்தேன். அவள் பயந்துபோய்விட்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஃபார்மேட்டின்படி நானும் எழுதியிருக்கிறேன், ஒன்றிரண்டல்ல.

நான் பாளையங்கோட்டைக்காரி. பெயர் ஸ்டெல்லா. கணவருக்கு வங்கியில் டெல்லிக்கு மாற்றல் வந்ததால் எழுபதுகளின் நடுவில் இங்கே வந்தேன். கன்னாட் பிளேஸில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வேலை கிடைத்தது. தென்னாட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை தயாரித்து அனுப்பும் தனியார் நிறுவனம் அது. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். தமிழ்ப் பிரிவின் தலைவர் ராமநாதன் சார், கும்பகோணத்துக்காரர். அவருக்கு அடுத்தது நான். தபால் பிரிவில் பன்சிலால் இருந்தார். முதல் ஒரு வருடம் ஒற்றுப்பிழை திருத்துவதிலேயே போயிற்று. அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

எங்கள் அலுவலகத்தின் பெருமை, இரங்கல் உறைகள். அன்று செய்தி அனுப்பும் டெலிபிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. ஒரு பெரிய மனிதர் செத்தால், நாங்கள் டெல்லியில் எழுதி, அது தபாலில் மதுரைக்கும் திருச்சிக்கும் போய்ச் சேருவதற்குள் பதினாறாம் நாள் வந்துவிடும். அதனால் ஆள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுவோம். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் உருட்டி, மடித்துப் பழுப்பு உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து ஏழு பத்திரிகை ஆபீஸ்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம். உறையின் மேல் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். ஆசிரியர்கள் அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பார்கள். ஆள் இறந்த செய்தி வந்ததும் நாங்கள் ஆங்கிலத்தில் தந்தி அடிப்போம். "இத்தனாம் எண்ணைப் பிரிக்கவும்." அவ்வளவுதான். அங்கே பிரித்து, மறுநாளே அச்சில் ஏற்றிவிடுவார்கள். எழுதியதை மாற்ற வேண்டியிருந்தால், அதே எண்ணில் மூலையில் சிவப்புக் கோடு போட்ட புது உறை போகும். பழையதைக் கிழித்துவிடும்படி ஒரு சீட்டும் கூடவே போகும். எது எப்போது போயிற்று என்று பதிவேட்டில் ராமநாதன் சார் தன் கையால் டிக் அடிப்பார்.

எழுதுவதற்கு இரண்டு படிவங்கள் இருந்தன, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இரண்டும் அவர் வகுத்தவை. ஆண் படிவத்தில் முதலில் "சாதனை", பிறகு "பதவி", கடைசியில் "குடும்பம்". பெண் படிவத்தில் "தகப்பனார்", "தோற்றம்", "கணவர்", "மக்கள்". இதெல்லாம் முடிந்த பிறகு "மேலும்" என்று ஒரு தலைப்பு. அவள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையெல்லாம் அந்த "மேலும்" என்பதற்குக் கீழேதான் வரும். நானும் கேள்வி கேட்காமல் நிரப்பினேன். ஒரு பாடகியை, ஒரு மந்திரியை, ஒரு விமானியை அப்படி நிரப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ராமநாதன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் கதை சுலபமாக இருந்திருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு பித்தளை அளவுகோல் வைத்திருப்பார். படிக்கும்போது வரிக்குக் கீழே அதை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். அளவுகோல் ஓர் இடத்தில் நின்றால் அங்கே பிழை இருக்கிறது என்று அர்த்தம். வாயால் சொல்லமாட்டார், நாமே கண்டுபிடிக்கும்வரை அங்கேயே நிற்கும். எனக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது ஆளை மாற்றப் பார்த்த நிர்வாகத்திடம் போய், "அந்தப் பொண்ணு போனா நானும் போறேன்," என்று சொன்னவர் அவர்தான். அவர் "அச்சா" என்றால் படித்துவிட்டார் என்று பொருள். "பார்க்கலாம்" என்றால் நடக்காது என்று பொருள். இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, மறந்ததுதான் என் தப்பு.

நாற்பத்திரண்டாம் உறை, ஐரிஸ் கார்வெல் என்ற அமெரிக்க நடிகையுடையது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. உலகப்போருக்கு முன்னும் பின்னும் அவர் நடித்த படங்கள் மதராஸிலும் மதுரையிலும் வாரக்கணக்கில் ஓடின. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அவற்றைப் பார்த்தவர்கள்தான் எங்கள் காலத்தில் பத்திரிகை ஆசிரியர்களாக இருந்தார்கள். அதனால் அவருக்கும் ஓர் உறை. எழுதியவள் நான். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மாதம், டெல்லியில் அவருடைய பழைய படங்களைத் திரையிட அழைத்து, சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் தங்க வைத்திருந்தார்கள். "போய்த் தேதிகளைச் சரிபார்த்துண்டு வா. உறை விஷயம் மட்டும் வாயைத் திறக்கப்படாது," என்று சொல்லி ராமநாதன் சார் அனுப்பினார்.

நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், கேட்கவேண்டிய கேள்விகளை அந்த இரங்கலின் கார்பன் நகலின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போனேன். எங்கள் ஆபீஸில் அது வழக்கம். வெள்ளைத்தாள் கேட்டால் பன்சிலால் முறைப்பார்.

புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார் அந்த அம்மா. எழுபது வயதிருக்கும். ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு, இரண்டு ஜோடி காலுறை, முகத்தில் பூச்சு எதுவும் கிடையாது. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடம் மனசுக்குள்ளேயே கேட்டுக் கேட்டு, இப்போது எனக்கு அவர் பாளையங்கோட்டைத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே தருகிறேன்.

நாலாவது கேள்வியில் காற்று அடித்துத் தாள் திரும்பிவிட்டது. தலைப்பில் கோப்புக்காக அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டிருந்தேன். கறுப்புக் கட்டத்துக்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தானே.

"இது என்னது? நான் செத்தா போடுததுக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாசி. ஒண்ணு விடாம வாசி."

வாசித்தேன், வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கினார். ஒரு கை முடிந்து மறு கையும் முடிந்தது. படங்கள் என்ற சொல் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"எத்தனாவது வரி?"

"பதினொண்ணு."

"மூணு புருசமாருக்குப் பத்து வரி. அதுல ஒருத்தன் மொகமே எனக்கு ஞாபகம் இல்ல. உனக்கு எப்படிம்மா இவ்வளவு தெரியுது?" என்று சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "இத யாரு எழுதுனா?"

"நான்தான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. எழுந்து உள்ளே போனார். தோல் அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தார்.

அவர் தாயார் ஒரு சத்திரத்தில் துணி வெளுத்தவர். பதினாறு வயதில், சினிமாவில் கூட்டத்தோடு நிற்க ஐரிஸைக் கூட்டிப்போனார்கள். பெயரை மாற்றினார்கள், நெற்றி மயிரைப் பிடுங்கி நெற்றியை அகலமாக்கினார்கள், கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக் கன்னத்தை ஒடுக்கினார்கள். ஏழு வருட ஒப்பந்தம். யாரோடு ஹோட்டலுக்குப் போகவேண்டும் என்பதையும் படக் கம்பெனிதான் சொல்லும். ஜன்னலோரம் நின்று ஆணுக்காகக் காத்திருக்கும் பெண்ணாகவே முப்பது படம். அப்புறம் ஒரே ஒரு படம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியது. அந்தப் படத்தின் டைரக்டர் நான்காம் நாளே குடித்துவிட்டு விழுந்தார். மிச்சமிருந்த இருபத்தாறு நாளும் அந்தப் படத்தை எடுத்தது இந்த அம்மா. கேமரா எங்கே நிற்கவேண்டும், யார் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எந்த விளக்கு அணையவேண்டும், எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. ஒவ்வொரு நாள் பக்கத்தின் அடியிலும் கேமராக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அவன் கையெழுத்து எதுக்குப் போட்டாம் தெரியுமா? நாளைக்கு யாரும் நம்பமாட்டாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு," என்றார்.

படம் வெளிவந்தபோது குடிகாரன் பெயர் இருந்தது. அவனுக்குப் பரிசும் கிடைத்தது. அடுத்த படத்தைத் தானே டைரக்ட் செய்வதாக இவர் முதலாளியிடம் போய்க் கேட்டார். "உனக்கு வயசாகுது, நல்ல மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டிக்கோ," என்றானாம். அன்று வெளியே வந்தவரை அப்புறம் எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. அவர் ஊர்ப் பத்திரிகைக்காரர்களிடம் நோட்டைக் காட்டினால், மூன்றாவது கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்களாம்.

மூன்று பக்கங்களைக் கையால் பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னொரு தாளில் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவில் ஓஹையோவில் இருக்கும் தங்கை விலாசம்.

"நான் போனதும் நீ மாத்தி எழுதுனத அச்சுல வந்த தாளோட இவளுக்கு அனுப்பு. அவளுக்குத் தமிழ் தெரியாது. என் வேலை மொத வரியில வந்திருக்குன்னு தெரியுத மாதிரி ஒரு பென்சில் கோடு போட்டுரு, போதும்."

மறுநாள் மாலை அந்தப் படத்தைப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன, யாரும் எடுக்கவில்லை. ஒரு வசனம் கிடையாது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. முடிவில் திரையில் அந்தக் குடிகாரனின் பெயர் வந்தது. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஐரிஸ் அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். பெயர் மறைந்ததும் பையை மூடினார். அதில் தேட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

படிவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு நாளில் புதிதாக எழுதினேன். ராமநாதன் சார் அளவுகோலை முதல் வரிக்கடியில் வைத்தார். வெகுநேரம் அது நகரவில்லை.

"ஆதாரம்?"

நோட்டுப் பக்கங்களின் பிரதியைக் கொடுத்தேன். கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் படித்தார். "அச்சா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பார்க்கலாம்," என்றார்.

ஸ்டென்சில் வெட்டினோம், உருட்டினோம், அரக்கு வைத்தோம். ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டில் நாற்பத்திரண்டுக்கு நேரே புது டிக் இருந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு அவ்வளவு ருசித்தது.

சில வருடம் கழித்து, ஒரு மழைக்காலக் காலையில் டெலிபிரிண்டரில் அவர் இறந்த செய்தி வந்தது. ராமநாதன் சார் மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். பொறுப்பு என்னிடம். பன்சிலாலைக்கூட அனுப்பாமல், குடையும் இல்லாமல், நானே தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். ஏழு பத்திரிகைகளுக்கும் அடித்தேன். "நாற்பத்திரண்டைப் பிரிக்கவும்." கண் கலங்கியது உண்மைதான், ஆனால் அதைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. நனைந்த சேலையோடு ஆபீஸில் உட்கார்ந்து தங்கை விலாசத்தை உறையில் எழுதி வைத்தேன். பென்சிலையும் சீவி வைத்தேன்.

ஐந்தாம் நாள் பத்திரிகைகள் தபாலில் வந்தன. முதலாவதைப் பிரித்தேன். "மூன்று முறை மணந்த அழகி மறைந்தார்." இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் கணவன்மாரின் படம்கூடப் போட்டிருந்தார்கள். நான் எழுதிய அந்தப் பழைய பத்து வரி, ஒரு கமாகூட மாறாமல்.

ஏழு ஆசிரியர்களுமா பழைய உறையைக் கிழிக்க மறப்பார்கள்? பன்சிலாலிடம் போய்ச் சிவப்புக் கோடு போட்ட உறைகளைப் பற்றிக் கேட்டேன்.

"வோ லிஃபாஃபே? சாஹப் கீ அல்மாரி மே ஹை, மேடம்," என்றார் சாதாரணமாக.

அந்த உறைகள் சார் அலமாரியில் இருக்கின்றனவாம். திறந்தேன், கீழ்த்தட்டில் ஏழும் இருந்தன. சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அரக்குக்கூட உடையவில்லை. என் கையால்தான் தந்தி அடித்தேன். என் தந்திதான் அந்தப் பொய்யை ஏழு ஊரில் பிரித்துவிட்டது.

திங்கட்கிழமை ராமநாதன் சார் கல்யாண லட்டும் முறுக்குமாக வந்தார். உறைக் கட்டை அவர் மேசையில் போட்டேன்.

"ஏன் சார் அனுப்பல?"

அவர் லட்டுப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்தார். "உக்காரும்மா."

"உக்காரல. டிக் அடிச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? நான் என்ன நெனச்சிட்டு ஓடினேன் தெரியுமா?"

"பரிசு வாங்கினவர் ஒரு பெரிய மனுஷர். அவர் பண்ணலை, இவதான் பண்ணினான்னு நாம சொல்றதா? நீ ஆசையா எழுதிண்டு வந்தே. வேண்டாம்னா அழுவே. அதான் டிக் போட்டேன்."

"கையெழுத்து இருந்துச்சுன்னு சொன்னேனே சார்! பிரதிய நீங்க படிச்சீங்களே!"

"படிச்சேன். நிஜமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டுமே." அப்புறம் அந்த மெல்லிய குரலிலேயே சொன்னார். "ஏம்மா இப்படிக் குதிக்கறே? செத்தவளுக்குத் தமிழ் தெரியுமா என்ன?"

நம்பாமல் அனுப்பாதிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். அவர் நம்பினார். உண்மை என்று தெரிந்தே கயிறு போட்டுக் கட்டி அலமாரியில் வைத்தார். எனக்குப் பிரசவ லீவு வாங்கிக் கொடுத்த அதே கையால் வைத்தார்.

ஏழு ஆசிரியர்களுக்கும் நானே கடிதம் எழுதினேன். ஒருவர் மட்டும் தபால் அட்டை போட்டார், இடமில்லை என்று. ஆபீஸைக் கேட்காமல் எழுதியதற்கு நிர்வாகம் எனக்கு மெமோ கொடுத்தது. அதை ராமநாதன் சாரே பிழைதிருத்திக் கொடுத்திருந்தார். அடுத்த மாதம் ஓஹையோவிலிருந்து கடிதம் வந்தது. "அக்கா சொல்லியிருந்தாள். அச்சில் வந்துவிட்டதா?" என்று ஒரே கேள்வி. நான் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது? என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனம் அது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுதான் பெரியது.

பிறகும் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். காலையில் வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்று இங்கேயே முனிர்காவில் இருந்தபோது, எண்பதுகளின் கடைசியில் காலமானார். டெல்லித் தமிழர்களிடையே நாலு பேருக்குத் தெரிந்தவர். அதனால் இரங்கல் எழுதவேண்டும் என்றார்கள். அவருக்கு உறை எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர் நாற்காலியில் அப்போது நான் இருந்தேன்.

பெண் படிவத்தை எடுத்தேன். தகப்பனார் பெயர் எழுதினேன். தோற்றம், நல்ல சிவப்பு, சுருட்டை முடி. கும்பகோணம் கோமதி அம்மாளின் அருமைக் கணவர். மாமனார் பெயர். மூன்று பெண்கள், மாப்பிள்ளைகளின் உத்தியோகம். பித்தளை அளவுகோல் என்னிடம்தான் இருந்தது. அதை வைத்து எண்ணினேன். பதினோராவது வரியில், "மேலும், இவர் முப்பது ஆண்டுகள் ஒரு செய்தி நிறுவனத்தில் பணிபுரிந்தார்" என்று முடித்து அனுப்பினேன். அப்படியே அச்சில் வந்தது. யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

நாலு நாள் கழித்து அவர் மனைவி போன் செய்தார். நான் எழுந்து நின்றுகொண்டு பேசினேன்.

"ஸ்டெல்லா, நீதானே எழுதினே?"

"ஆமா மாமி." திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் இருந்தேன்.

"என் பேரை அச்சுல பாக்கறது இதான் முதல் தடவை. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம்." பத்திரிகையை மடிக்கும் ஓசை கேட்டது. "அவர் படிச்சிருந்தா அளவுகோலை அந்த வரியிலேயே நிறுத்தியிருப்பார் இல்லே?"

போனை வைத்தபிறகு எனக்கு வெற்றி பெற்றது போல இல்லை. பழி வாங்கினேன், சரி. அதனால் ஐரிஸ் அம்மாவுக்கு ஒரு வரியாவது கிடைத்ததா? அச்சில் அவருக்கு இருந்தது இன்னும் அதே பத்து வரிதான்.

ஆகவே சங்கத்துப் பிள்ளைகளே, என்னிடம் இருக்கும் நினைவு இது. அன்று நான் எடுத்து வைத்துக்கொண்ட ஏழு உறைகளில் ஒன்றைக் கிழித்து எதிரே வைத்திருக்கிறேன். அரக்கு இன்னும் காய்ந்துபோகாத மாதிரிச் சிவப்பாக இருக்கிறது. அதில் முதல் வரி இது:

"ஐரிஸ் கார்வெல் ஒரு திரைப்படத்தை இருபத்தாறு நாட்கள் இயக்கி முடித்தார், அதில் அவர் பெயர் இல்லை."

இதை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் போடுங்கள், விளம்பரத்துக்கு இடையில் போட்டாலும் சரி. இந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள். அச்சானதும் எனக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று எனக்கு. இன்னொன்றில் பென்சிலால் ஒரு கோடு போட்டு ஓஹையோவுக்கு அனுப்பவேண்டும். அந்தத் தங்கை இப்போது இருக்கமாட்டார். வீட்டில் யார் இருந்தாலும் பிரித்துப் பார்க்கட்டும்.